தொலைந்த மகன்: ஒரு கதையும் பல சமயங்களும்

கிறிஸ்தவத்தைப் பிற சமயங்களோடு ஒப்பிட்டுத் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, முடிவைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்கியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டனத் துண்டுப் பிரசுரங்கள் தம் சமயத்தின் உயர்ந்த கோட்பாட்டை எடுத்து எதிர்ச் சமயத்தின் தாழ்ந்த நடைமுறையோடு மோதவிட்டன; வெல்லப்போவது யார் என்பதில் எழுதியவருக்கு ஐயமே இருந்ததில்லை. அதற்கு மாற்றாக எழுந்த சமரச எழுத்து, எல்லாச் சமயங்களும் சொல்வது ஒன்றே என்று முதல் பத்தியிலேயே தீர்ப்பெழுதிவிட்டு, அதற்கேற்ற மேற்கோள்களைப் பிறகு திரட்டியது. முன்னது அண்டை வீட்டாரை அவமதிக்கிறது; பின்னது அவர் என்ன சொல்கிறார் என்று கேட்குமுன்பே தலையாட்டுகிறது. இரண்டுக்கும் வெளியே ஒரு வழி உண்டு, அது தமிழ் மண்ணில் ஏற்கெனவே நடந்து பார்க்கப்பட்ட வழி என்பது இக்கட்டுரையின் வாதம். சமயங்கள் மிக நெருங்கி வரும் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கே நின்று நிதானமாகப் படித்தால்தான் ஒவ்வொன்றின் தனித்தன்மையும் புலப்படும். தொலைவில் கிடப்பவற்றை ஒப்பிட்டால் பெரும்பாலும் நம் முன்முடிவுகளே திரும்பக் கிடைக்கும்.

சமயங்களை வரிசையில் நிறுத்தி விசாரிப்பது தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதை, வஞ்சி மாநகரில் சமயவாதிகளை ஒருவர்பின் ஒருவராகப் பேசவைக்கிறது. சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை 14 தரப்புகளை எடுத்துரைத்து மறுக்கிறது. மறுக்குமுன் எதிர்த்தரப்பை அதன் வாயாலேயே சொல்லவிடுவது அந்நூலின் ஒழுக்கம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றி அந்நூலை நுணுகி அறிந்தவர். கோயில் வழிபாட்டை இகழ்ந்த பாதிரிமாருக்கு 1854இல் சைவதூஷண பரிகாரத்தில் அவர் விடை சொன்னபோது, எருசலேம் ஆலயத்துக்கெனப் பழைய ஏற்பாடு விதித்த சடங்குகளையே சான்றாக வைத்தார். கண்டன நூல்தான், ஆயினும் எதிராளியின் நூலை எதிராளியைவிடக் கவனமாகப் படித்த கண்டனம். அந்தக் கவனம் நமக்கு வேண்டும், கண்டனம் வேண்டியதில்லை.

அமராவதிக் கரையிலுள்ள மடத்துக்குளம் வட்டாரம் இவ்வகை வாசிப்புக்குப் பொருத்தமான இடம். பழைய கரைவழி நாட்டு ஊர்கள் இவை. கடத்தூரில் அர்ச்சுனேசுவரர், கொழுமத்தில் தாண்டேசுவரரும் கல்யாண வரதராசப் பெருமாளும் ஒரே ஊரில். கொங்கின் மறுகோடியில் விசயமங்கலத்துச் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. 2009இல் திருப்பூர் மாவட்டம் பிரியும்வரை இது கோவை மாவட்டம். தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலம் 1950இல் அமைந்தபோது அதன் பேராயராக வந்தவர், இந்த ஒப்பீட்டையே வாழ்நாள் உழைப்பாகக் கொண்டிருந்த ஏ. ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்தவர். தந்தையார் சைவக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர். ஆக்ஸ்போர்டில் அப்பாசாமி செய்த முனைவர் பட்ட ஆய்வு, பக்தி இலக்கியத்தின் அனுபவ நெறியை யோவான் எழுதிய சுவிசேஷத்தோடு ஒப்பிட்டது. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காணும் அவரது ஆங்கில நூல் 1927இல் வெளிவந்தது. தந்தையும் தானும் ஒன்று என இயேசு சொல்வதை அத்வைதக் கண்ணோடு படிக்காமல், இராமானுசர் காட்டிய வழியில், அன்பாலும் கீழ்ப்படிதலாலும் அமைந்த ஒருமையாகப் படித்தார். வைணவத்தின் அருட்கொள்கையையும் கிறிஸ்தவத்தையும் எதிரெதிரே வைத்து ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் ஒரு நூல் எழுதினார். யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1964இல் கிறிஸ்தவம், இந்து சமயம் இரண்டிலும் அருட்கோட்பாட்டை விரிவாக ஆராய்ந்தார். மூவரும் தேர்ந்த இடம் ஒன்றே: மிக நெருக்கமான இடம். உருவ வழிபாட்டையோ தெய்வங்களின் எண்ணிக்கையையோ விட்டுவிட்டு, இறைவன் மனிதனைத் தேடி வருகிறான் என்ற நம்பிக்கையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையைச் சொல்லும் கதை ஒன்று பல சமயங்களில் உண்டு. தொலைந்துபோன மகனின் கதை அது.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதத்தில் 12 சூத்திரங்கள். எட்டாவது, உயிர் விடுதலை அடையும் வகையைச் சொல்கிறது. அரசன் மகன் ஒருவன் வேடரிடையே வளர்கிறான். தான் யாரென்றே அறியாமல் வேடனாகவே வாழ்கிறான். ஐம்புலன்களே அந்த வேடர். செய்த தவம் முதிர்ந்த காலத்தில் இறைவன் குருவாக வந்து உண்மையை உணர்த்த, உயிர் அவர்களைவிட்டு நீங்கி இறைவன் திருவடியைச் சேர்கிறது. அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் இதை விரிக்கும்போது, அரசனே வந்து நீ என் மகன் என்று சொல்லி வேடரிடமிருந்து பிரித்தெடுக்கிறான். இக்கதை சைவ சித்தாந்தத்தில் பிறந்ததன்று. சாங்கிய சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் இதைக் குறிப்பிட்டே தொடங்குகிறது. சங்கரர் பிருகதாரண்யக உபநிடத உரையில் இதே கதையைச் சொல்கிறார்: வேடர் வீட்டில் வளர்ந்த அரச குமாரனிடம், உண்மையறிந்த இரக்கமுள்ள ஒருவர் வந்து நீ வேடனல்ல என்கிறார், அவன் அக்கணமே தன்னை அரசனாக உணர்கிறான்.

சங்கரரின் கதைக்கும் சித்தாந்தக் கதைக்கும் இடையிலுள்ள மாற்றத்தைக் கூர்ந்து பார்க்கவேண்டும். சங்கரரின் கதையில் யார் வந்து சொன்னார் என்பது முக்கியமில்லை. சொல்லப்பட்ட செய்தியே எல்லாம். மகன் எங்கும் போகவேண்டியதில்லை, யாரோடும் சேரவேண்டியதில்லை, ஏனெனில் அவன் எப்போதும் அதுவாகவே இருந்தான். சித்தாந்தத்தில் வந்து சொல்பவன் அரசன்தான். வேறு எவரும் சொல்லி மகன் திருந்துவதில்லை. அறிந்த பிறகும் மகன் தந்தையாகிவிடுவதில்லை, தந்தையைச் சேர்கிறான். கதை ஒன்றே, வாக்கியங்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் அறிவால் விடுதலை என்ற கொள்கையும் அருளால் விடுதலை என்ற கொள்கையும் அக்கதைக்குள் ஒரு பாத்திரத்தின் மாற்றத்தால் பிரிந்துவிட்டன. இரண்டு சமயங்களில் ஒரே கதை இருப்பதைக் கண்டதும் சமயங்கள் ஒன்றே என்று சொல்லிவிடுவோர் தவறவிடுவது இத்தகைய மாற்றத்தைத்தான்.

மகாயான பௌத்தத்தின் தாமரைச் சூத்திரம் நான்காம் அத்தியாயத்தில் இன்னொரு மகனைக் காட்டுகிறது. குமாரஜீவர் இதைச் சீனத்தில் பெயர்த்தது பொ.ஆ. 406இல். இளமையிலேயே தந்தையைவிட்டு ஓடியவன் 50 ஆண்டுகள் கூலிக்கு அலைந்து, ஒரு மாளிகை வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே அமர்ந்திருக்கும் செல்வர் தன் தந்தையென்று அவனுக்குத் தெரியாது. தந்தைக்கோ கண்டவுடன் தெரிந்துவிடுகிறது. ஆளனுப்பிப் பிடிக்கச் சொன்னால் மகன் தண்டனைக்கு அஞ்சி மயங்கி விழுகிறான். தந்தை அவனை விட்டுவிடுகிறார். பிறகு ஏழைத் தோற்றமுள்ள இருவரை அனுப்பி, குப்பை அள்ளும் வேலைக்கு இரட்டைக் கூலி பேசி அழைத்துவரச் செய்கிறார். தன் நல்லாடைகளைக் களைந்து அழுக்காடை உடுத்து மகனின் அருகில் போய்ப் பேச்சுக்கொடுக்கிறார். இப்படியே 20 ஆண்டுகள். மெல்ல மெல்லக் கருவூலப் பொறுப்பைக் கொடுத்து, சாகும் தறுவாயில் ஊரார் முன் இவன் என் மகன் என்று அறிவிக்கிறார். இக்கதையைச் சொல்பவர்கள் புத்தரின் மூத்த சீடர்கள். சிறிய இலக்கே தங்களுக்குப் போதுமென்று இருந்துவிட்ட தங்களைப் பற்றியே சொல்கிறார்கள். தந்தையின் பொறுமை வியக்கத்தக்கது. மகனின் தகுதி வளரும்வரை உண்மையை மறைத்துவைப்பதே அவரது கருணையின் வடிவம்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தின் கதை பலரும் அறிந்தது. அறிந்ததாலேயே அதன் கூர்மை மழுங்கியிருக்கிறது. இளைய மகன் தான் யாரென்று அறியாதவனல்ல. தந்தை உயிரோடிருக்கும்போதே தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தெரிந்தே போகிறான். பஞ்சம் வந்து, பன்றி மேய்க்கும் கூலியாகி, பசி தாங்காமல் திரும்புகிறான். அவன் மனமாற்றத்தின் தொடக்கம் ஞானமன்று, பசிதான். வேலை தேடி வெளியூர்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களைப் பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் நிரப்பிவைத்திருக்கும் இந்த வட்டாரத்தில், ஊர்விட்டு ஊர் போய்க் கூலிக்காரனானவனின் கணக்கை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை: தந்தை வீட்டுக் கூலியாட்களுக்குக்கூட வயிறு நிறைகிறது, அந்த வேலை கிடைத்தால் போதும். தந்தையிடம் சொல்லவேண்டியதை அவன் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறான்; அதன் கடைசி வாக்கியம், என்னைக் கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது. அவன் இன்னும் தொலைவில் வரும்போதே தந்தை கண்டு, ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மகன் பேசத் தொடங்குகிறான். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வருமுன்பே தந்தை ஆடையும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

தாமரைச் சூத்திரத்துத் தந்தையும் லூக்காவின் தந்தையும் பிரிவது சரியாக இந்த இடத்தில். ஒருவர் மகனைக் கூலியாளாக்கி, அந்த வழியாகவே மகனாக்குகிறார். மற்றவர் கூலியாள் என்ற சொல்லையே மகன் வாயிலிருந்து வரவிடுவதில்லை. ஒருவருக்குக் காலம் மருந்து. மற்றவருக்குக் காலமே தேவைப்படவில்லை. முன்னதில் கருணை குறைவென்று சொல்ல இடமில்லை. மயங்கி விழுந்தவனின் அச்சத்தைக் கணக்கில் எடுத்த தந்தையின் நுட்பம் லூக்காவின் கதையில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மனிதனுக்கு நேர்ந்திருப்பது என்ன, அதற்கு மருந்து என்ன என்பதில் இருவரும் உடன்படவில்லை.

யூத மரபும் இஸ்லாமும் இதே வட்டத்தில் நிற்பவை. பெசிக்தா ரப்பாதி என்ற யூதத் தொகுப்பில், நூறு நாள் பயணத் தொலைவில் இருக்கும் அரச குமாரன், திரும்பிவர வலுவில்லை என்கிறான். உன்னால் இயன்ற தூரம் வா, மிச்சத்தை நான் வருகிறேன் என்று தந்தை சொல்லியனுப்புகிறார். நபிமொழிகளில், அடியான் நடந்து வந்தால் தான் ஓடி வருவதாக இறைவன் சொல்வது உண்டு. பாலைவனத்தில் உணவும் நீரும் சுமந்த ஒட்டகத்தைத் தொலைத்து, சாவை எதிர்பார்த்து மரத்தடியில் படுத்தவன், கண்விழித்து அதைக் கண்டதும் மகிழ்ச்சி மிகுதியில் நீ என் அடிமை, நான் உன் இறைவன் என்று தவறாக உளறிவிடுகிறான். ஓர் அடியானின் பாவமன்னிப்பு வேண்டலில் அல்லாஹ் அடையும் மகிழ்ச்சி அதைவிடப் பெரிது என்கிறது முஸ்லிம் தொகுப்பிலுள்ள நபிமொழி. ஓடிவரும் இறைவன் கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியவன் என்று எந்தப் பிரசங்கியாரும் இதைப் படித்தபின் சொல்ல முடியாது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அந்த அடியான் மகன் அல்லன். நாங்கள் இறைவனின் மக்கள் என்று சொல்லிக்கொண்டோரைக் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் மறுக்கிறது: படைத்தவனுக்கும் படைக்கப்பட்டவனுக்கும் இடையே எல்லையில்லாக் கருணை உண்டு, குடும்ப உறவு இல்லை.

இக்கதைகளை ஒருசேர வைத்த பிறகு, கிறிஸ்தவத்தின் தனிக்கூற்று எங்கே இருக்கிறது? என் பார்வையில் அது இளைய மகனிடமோ ஓடிவரும் தந்தையிடமோ இல்லை. மூத்த மகனிடம் இருக்கிறது. பிற கதைகள் எதிலும் அவன் இல்லை. லூக்கா இக்கதையைத் தொடங்கும் சூழலே மூத்தவனை நோக்கியது: ஆயக்காரரோடும் பாவிகளோடும் இயேசு உட்கார்ந்து உண்பதைப் பரிசேயர் முணுமுணுத்தார்கள், அவர்களுக்குச் சொல்லப்பட்டது இது. வயலில் உழைத்துவிட்டு வந்த மூத்தவன், விருந்தின் ஓசை கேட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். இத்தனை ஆண்டுகள் உழைத்தேன், ஓர் ஆட்டுக்குட்டிகூட எனக்கில்லை என்கிறான். அவன் சொல்வது பொய்யல்ல. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்துக் கூலிகள் கேட்பதும் இதையே: விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுதுசாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே தெனாரியம் எப்படி நியாயம்? திருப்பூர் வட்டாரத்தில் பீஸ் ரேட்டுக்குப் பவர் டேபிளில் உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் தைத்தவர், கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் தனக்கும் சனிக்கிழமை ஒரே சம்பளக் கவர் என்றால் சும்மா இருப்பாரா? இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. கிறிஸ்தவத்தின் அருள், நேர்மையாக உழைத்தவனின் நியாய உணர்வைப் புண்படுத்திவிட்டே வருகிறது. அதை மறைத்துவிட்டு அருளை இனிப்பாக மட்டும் பேசுவது கதையின் பாதியைக் கிழித்தெறிவதாகும்.

வினைக்கொள்கை காப்பது இந்த நியாய உணர்வையே. சைவ சித்தாந்தத்தில் அருள் கண்மூடித்தனமாக விழுவதில்லை. நல்வினை தீவினை இரண்டையும் சமமாகக் கொள்ளும் இருவினையொப்பு வந்து, தன்னைக் கட்டிய மலம் பரிபாகமடைந்த உயிரிடத்தில் இறைவனின் அருட்சத்தி பதிகிறது. இதை வைத்துக்கொண்டு, இந்து சமயத்தில் முயற்சிக்கே கூலி, கிறிஸ்தவத்தில்தான் இலவச அருள் என்று பழைய மிஷனரி எழுத்து வாதிட்டது. அது தவறு. தேர்ந்த சித்தாந்தி ஒருவர் உடனே மறுப்பார்: மலத்தைப் பக்குவப்படுத்துவதும் சிவனின் திரோதான சத்தியே, மறைப்பும் அருள்தான், மகன் காட்டில் வேடனாகத் திரிந்த காலத்திலும் அரசன் அவனைவிட்டுப் பிரிந்ததில்லை. குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றவேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்வும் என்று வடகலையும் தென்கலையும் வாதிட்ட வைணவத்திலும் முயற்சியா அருளா என்ற வினா முழுமையாக விவாதிக்கப்பட்டிருக்கிறது. தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரைப் படித்தவர் எவரும் இலவச அருளைக் கிறிஸ்தவத்திடம் கற்கவேண்டிய தேவையில்லை. இம்மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்ற பின்னும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. சித்தாந்தத்தில் அருள் பல பிறவிகளின் ஊடாகக் கனிய வைக்கிறது, கனிந்தபின் வெளிப்படுகிறது. லூக்காவில் அருள் கனியாத காயையே வந்து பறிக்கிறது. தந்தை ஓடியபோது மகன் திருந்தியிருந்தான் என்பதற்குப் பசியைத் தவிர வேறு சான்றில்லை. ஓட்டோ சொன்னதும் இதற்கு அண்மையில் நிற்கிறது: இரு சமயங்களும் அருளையே பேசினாலும் அவை சுழலும் அச்சு வேறு, ஒன்றுக்குப் பிறவிக் கட்டு, மற்றொன்றுக்குக் குற்றம்பட்ட மனச்சான்று.

இப்படிக் கதைகளைப் பிய்த்தெடுத்து ஒப்பிடுவதே பிழை என்ற ஆட்சேபம் தமிழ் மண்ணிலேயே வலுவாக எழுந்தது. 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடிய உலக மிஷனரி மாநாட்டுக்காக டச்சு அறிஞர் ஹென்ரிக் கிரேமர் ஒரு பெரிய நூல் எழுதினார். ஒவ்வொரு சமயமும் முழுமையான, பிரிக்கமுடியாத ஓர் உலகநோக்கு. அதில் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் துண்டோடு பொருத்தினால் இரண்டும் பொருளிழக்கும் என்பது அவர் வாதம். அதே ஆண்டு சென்னையில் பி. செஞ்சையா, தொழிற்சங்கத் தலைவரும் பின்னாளில் சென்னை மேயருமான வி. சக்கரை முதலியோர், இந்தியக் கிறிஸ்தவத்தை மறுபடியும் சிந்திக்கவேண்டும் என்று ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டார்கள். இந்துவாகப் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தத் துண்டுகள் அந்நியமல்ல, அவனுடைய உள்ளமே அவற்றால் ஆனது என்பது அவர்கள் தரப்பின் சாரம். கிரேமரின் எச்சரிக்கை வீணல்ல. சங்கரரும் மெய்கண்டாரும் ஒரே கதையை வெவ்வேறு பொருளில் சொன்னார்கள் என்பதே அவருக்குச் சான்று. ஆனால் அந்த வேறுபாட்டை நாம் கண்டுகொண்டது எப்படி? இரு கதைகளையும் பக்கத்தில் வைத்ததால்தான். முழுமை முக்கியம் என்பது ஒப்பிடாமல் இருக்கக் காரணமாகாது; மேலும் பொறுமையாக ஒப்பிடுவதற்கே காரணம்.

நெருக்கத்தைக் கண்டவுடன் கடன் வாங்கியதாகச் சொல்லும் பழக்கம் வேறொரு பிழை. ஜி. யு. போப் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, வள்ளுவர் மயிலாப்பூர்க் கிறிஸ்தவர்களிடம் சில கருத்துகளைக் கேட்டிருக்கலாம் என்று ஊகித்தார். அதற்கு வரலாற்றுச் சான்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திருவாசகத்தை அத்தனை அன்போடு 1900இல் மொழிபெயர்த்த மனிதரே இப்படி ஊகித்தார் என்பது வருத்தம் தருகிறது. அரச குமாரன் கதை வேதாந்தம், சாங்கியம், சித்தாந்தம் என்று ஒரே மரபுச் சூழலுக்குள் கைமாறிய தடம் தெரிகிறது, அது கடன். தாமரைச் சூத்திரத்துக்கும் லூக்காவுக்கும் இடையே அத்தகைய தடம் எதுவும் இல்லை. தடமில்லாத இடத்தில் கடன் பேசுவது, ஒரு சமூகத்தின் சிந்தனையைப் பறித்து இன்னொன்றின் கணக்கில் எழுதுவதாகும்.

கோட்பாடுகளைப் பேசி நடைமுறையை விட்டுவிடுகிறீர்கள் என்பது இன்னும் கடுமையான ஆட்சேபம். அப்பாசாமியின் மேலும் இக்குறை உண்டு: அவர் எடுத்த பக்தியும் வேதாந்தமும் நூல் கற்றவர்களுடையவை. ஒடுக்கப்பட்டோர் கேட்ட கேள்வி வேறு என்பதை 1981இல் பெங்களூரில் ஆற்றிய உரையிலிருந்து அர்விந்த் நிர்மல் வலியுறுத்தினார். தலித் இறையியல் அங்கிருந்து வளர்ந்தது. மூத்தவனின் கதையைத் தமிழ்க் கிறிஸ்தவம் எப்படி வாழ்ந்தது என்று பார்த்தால் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக்குப் போகவேண்டும். அங்கே கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் வேளாளருக்கும் நாடாருக்கும் இடையே தடுப்பு இருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டதும், பிரிந்து வழிபடும் உரிமை கேட்டு வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர்நீதிமன்றம் 1917இல் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. இளையவனோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்த மூத்தவன், வாசலில் நிற்காமல் வீட்டுக்குள்ளேயே சுவரெழுப்பிக்கொண்டான். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தன் தில்லைக்குள் நுழையத் தீயில் மூழ்கி எழவேண்டியிருந்தது. கிறிஸ்தவர் நந்தனைக் காட்டிச் சைவத்தை இகழ்வதும், சைவர் வடக்கன்குளத்தைக் காட்டிக் கிறிஸ்தவத்தை இகழ்வதும் எளிது. ஒப்பிடுவதானால் கோட்பாட்டைக் கோட்பாட்டோடும் சுவரைத் தீயோடும் ஒப்பிடவேண்டும். அப்படிச் செய்யும்போது சாதியின் முன் இரு அருட்சமயங்களும் தம் சொந்தக் கதையைக் கேட்கத் தவறியது வெளிப்படுகிறது. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. வடக்கன்குளத்துச் சுவரைக் குற்றம் சாட்ட வெளியிலிருந்து அளவுகோல் தேவைப்படவில்லை. லூக்காவின் 15ஆம் அதிகாரமே போதும்.

கிறிஸ்தவத்தின் மையம் சிலுவை என்கிறார்கள், இந்தக் கதையில் சிலுவை எங்கே என்று கேட்கலாம். தந்தை மன்னிக்க எவரும் பலியாகவில்லை. நடுவர் எவரும் இல்லை. ஜெர்மானிய இறையியலாளர் ஹார்னாக் 1900இல் இதைப் போன்ற வாதத்தையே வைத்தார்: இயேசுவின் நற்செய்தி தந்தையைப் பற்றியது, மகனைப் பற்றியதல்ல. பரிகாரபலியை ஏற்காத இஸ்லாமிய அறிஞருக்கும் இக்கதை உவப்பானது. விடை கதைக்குள் இல்லை, கதை சொல்லப்பட்ட இடத்தில் இருக்கிறது. பாவிகளோடு உண்பது ஏன் என்ற கேள்விக்குத் தன் செயலை விளக்கும் பதிலாகவே இயேசு இதைச் சொன்னார். தந்தை ஓடுவதும் தான் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பதும் ஒரே செயல் என்பது அதன் உட்கிடை. அந்தப் பந்தி சினத்தைத் தேடித்தந்தது, அச்சினம் சிலுவைவரை போனது. சித்தாந்தத்திலும் இறைவன் குருவடிவில் மனித உருக்கொண்டு வருகிறான். ஆனால் சிவன் கருவிலிருந்து பிறப்பதில்லை, இறப்பதுமில்லை. பக்குவமடைந்த ஒவ்வோர் உயிருக்கும் மீண்டும் மீண்டும் வருகிறான். மெய்கண்டாரின் காலம் ஒரு நூற்றாண்டு முன்பின் ஆனாலும் சிவஞானபோதம் குலைவதில்லை. பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் அப்படியொருவர் கொல்லப்படவே இல்லை என்று நிறுவிவிட்டால் கிறிஸ்தவம் நிற்காது. இது அதன் பலமா பலவீனமா என்பதில் அறிஞர் வேறுபடலாம். தனித்தன்மை என்பதில் ஐயமில்லை.

கடைசியாக, சித்தாந்தி திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. எங்கள் கதையில் எந்த மகனும் காட்டிலேயே இருந்துவிடுவதில்லை. இன்றில்லாவிட்டால் இன்னொரு பிறவியில் அரசன் அவனை மீட்பான். எங்கள் நரகங்களுக்கு முடிவு உண்டு. ஓடிவரும் தந்தையைப் பேசும் நீங்கள் முடிவில்லாத நரகத்தை எப்படிப் பேசுகிறீர்கள்? எல்லாரும் இறுதியில் மீட்கப்படுவர் என்று 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் நம்பினார். 6ஆம் நூற்றாண்டில் திருச்சபை அவர் பெயரால் வழங்கிய போதனையைக் கண்டித்தது. அகஸ்தீன், இறைவன் சிலரை முன்னரே தெரிந்துகொள்கிறான் என்ற விடைக்குப் போனார்; அது தந்தையின் ஓட்டத்தோடு பொருந்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இரு சமயங்களும் இங்கே பிரிவதற்கான காரணம் கதைகளின் முதல் வரியிலேயே இருக்கிறது. அறியாமையால் தொலைந்தவனுக்கு அறிவு வந்ததும் திரும்ப மறுக்கக் காரணமே இல்லை. ஆகவே மீட்பு உறுதி. தெரிந்தே போனவனுக்கு, தெரிந்தே மறுக்கவும் முடியும். லூக்காவின் கதையில் அப்படி மறுத்து நிற்பவன் மூத்தவன்தான். தந்தை வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்பதை லூக்கா எழுதவில்லை.